திட்டில்லாத முதுகுகள்

முதுகை அழகாகப் படம் எடுப்பது லேசுப்பட்ட வேலை இல்லை, ஐயா. முகம் என்றால் கொஞ்சம் சிரிங்க என்று சொல்லலாம், முகவாயை இறக்கச் சொல்லலாம். முதுகிடம் என்ன சொல்வது? அது பாட்டுக்குத் திரும்பி நின்றுகொண்டிருக்கும்.

நான் ஸ்டூடியோ வைத்திருந்தவன். அடையாள அட்டைப் படம், பாஸ்போர்ட் படம், வேலைக்கு மனுப் போடும் படம். என் கடையில் எடுத்த எந்த முகத்திலும் பரு இருந்ததில்லை. செல்போன் வந்து என் வாயில் மண்ணைப் போட்டது. ஆஸ்பத்திரி ஆராய்ச்சிப் பிரிவில் படமெடுக்க ஆள் தேவை என்றார்கள், போனேன்.

தோலில் வரும் ஒருவகை நிணநீர்ப் புற்றுநோய்க்குப் புது மருந்து ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். தொடக்கத்தில் அது வெறும் படை, தேமல் மாதிரிதான் இருக்குமாம். வெள்ளைத் தோலையே பார்த்துப் பழகிவிட்டோம், மற்ற நிறத்தவரிடம் நோயைத் தாமதமாகத்தான் கண்டுபிடிக்கிறோம் என்பது பெரிய டாக்டரம்மாவின் ஆதங்கம். அதனால் எல்லா நிறத்தவரையும் சேர்த்திருந்தார். நோயாளியை நேரில் பார்த்தால் மனசு சாய்ந்துவிடும் என்று, வேறு கட்டடத்தில் இருந்த நிபுணர்கள் படங்களை மட்டும் பார்த்து முடிவு சொன்னார்கள். சிகிச்சைக்கு முந்தைய படங்களை எடுத்தவர், எனக்கு முன் அந்த வேலையில் இருந்தவர். மனுஷனுக்குக் கலையுணர்ச்சியே கிடையாது. திட்டுகளை அப்படியே விட்டிருந்தார்.

முதல் நாள், ஒரு வெள்ளைக்கார நோயாளியின் படத்தைத் திரையில் காட்டி டாக்டரம்மா அவசரமாகச் சொன்னார்: "வெளிச்சம் அடிக்கிறது, நிழல் விழுறது எல்லாம் சரி பண்ணிக்குங்க. இந்தச் சிவப்பை மட்டும் தொட்டுடாதீங்க. அதுதான் நோய்."

நான் சொன்ன சொல் தட்டாதவன். சிவப்பைத் தொடவே இல்லை. ஆனால் கறுத்த தோலில் சிவப்பு எங்கே இருந்தது? வெளிறிய திட்டு இருந்தது, விளக்கு வெளிச்சம் என்று நினைத்தேன். சாம்பல் பூத்த கருந்திட்டு இருந்தது, நிழல் என்று நினைத்தேன். இரண்டையும் துடைத்துவிட்டேன். நிறம் சரிபார்க்கப் பக்கத்தில் வைக்கும் வண்ண அட்டையில் மட்டும் கை வைக்கவில்லை. எனக்கும் மனசாட்சி உண்டு.

அட்டை சரியாக இருந்ததால் நிபுணர்கள் படத்தையும் நம்பினார்கள். கறுத்த தோலில் மருந்து அற்புதமாக வேலை செய்கிறது என்று முடிவு வந்தது. டாக்டரம்மா எல்லோருக்கும் கேக் வெட்டிக் கொடுத்தார். நோயாளிகளில் ஒருவரான தையல்கார அம்மா, நான் எடுத்த படத்தைக் கையில் வைத்துக்கொண்டு கண் கலங்கிவிட்டார். "என் முதுகு இவ்வளவு அழகா சார்?" என்றார். திட்டு மறைந்தவர்களுக்கு மருந்தை நிறுத்துவது விதி. அவருக்கும் நிறுத்தினார்கள்.

அதே சோதனையில் இருந்த என் மச்சானுக்கும் நிறுத்தினார்கள். மச்சான் என்றால் மனைவியின் தம்பி, பஸ் ஓட்டுகிறவன். சீட்டில் சாய்ந்தால் அவனுக்கு முதுகு அரிக்கும், உடனே நெளிவான். டிரைவர் நெளிந்தால் பஸ்ஸும் நெளியும் அல்லவா? பாதிப் பயணிகள் தங்கள் நிறுத்தத்துக்கு முன்னாலேயே இறங்கிவிடுவார்கள்.

"ஏங்க, தம்பி முதுகுல திட்டு பெருசாத்தானே ஆயிருக்கு? போயிடுச்சுன்னு யார் சொன்னா?" என்று என் மனைவி கேட்டாள்.

"பெரிய பெரிய நிபுணருங்க."

"அவங்க இவனைப் பார்த்தாங்களா?"

"படத்தைப் பார்த்தாங்க. விளக்கோட நிழல் அங்கங்க விழும், அதை மட்டும் நான் துடைச்சேன்."

மச்சான் சட்டையைத் தூக்கிக் காட்டினான். "மாமா, இது நிழல்னா லைட்டைப் போட்டதும் போயிடணும்ல?"

எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. தெரியாமல் செய்துவிட்டேன் என்று வாக்குமூலத்தில் சொல்லச் சொல்லி என் வக்கீல் தலைபாடாக அடித்துக்கொண்டார். அது பொய், ஐயா. அதற்குப் பிறகு தெரிந்துதான் செய்தேன்.

என் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள். டாக்டரம்மா மாநாட்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். என் படங்களை ஆளுயரத்துக்கு அச்சடித்திருந்தார்கள். பாஸ்போர்ட் அளவைத் தாண்டாதவனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா? அசல் படங்களை யாராவது கேட்டுவிடப் போகிறார்களே என்று அழித்துவிட்டேன். அசிங்கமான படத்தை எவன் பத்திரப்படுத்துவான்?

மச்சான் சும்மா இருக்கவில்லை. டாக்டரம்மாவிடம் போனில் மன்றாடி, மறுபடி ஒரு படத்துக்கு அனுமதி வாங்கி வந்தான். "மாமா, இந்தத் தடவை உள்ளது உள்ளபடி இருக்கட்டும். இதுலயும் திட்டு தெரியலைன்னா எனக்கு மருந்து கிடையாதுன்னுட்டாங்க" என்றான். அவன் அக்கா வாசலிலேயே நின்றாள்.

உள்ளது உள்ளபடிதான் எடுத்தேன். அப்புறம் கணினியில் திறந்தேன். போன படத்தில் வழவழவென்று இருந்த முதுகில் இப்போது திட்டு இருந்தால் என் தொழிலை என்ன நினைப்பார்கள்? சொந்த மச்சானுக்கு அரைகுறையாகச் செய்தான் என்று பேர் வந்துவிடக் கூடாது. மற்றவர்களுக்குச் செய்ததைவிடப் பொறுமையாக, ஆசையாகத் துடைத்தேன். அந்தச் சுவாரசியத்தில் இடுப்புக்கு மேலே இருந்த மச்சமும் போய்விட்டது.

அந்த மச்சம்தான் என்னைக் காட்டிக் கொடுத்தது. "புற்றுநோய் மருந்து பிறவி மச்சத்தையுமா போக்கும்?" என்று, சிகிச்சைக்கு முந்தைய படத்தில் அந்த மச்சத்தைப் பார்த்திருந்த ஆராய்ச்சிப் பிரிவு நர்ஸம்மா கேட்டாராம். நேரே பஸ் டிப்போவுக்குப் போய், மச்சானின் சட்டையைக் கழற்றச் சொல்லி, தன் செல்போனில் படம் எடுத்துவிட்டார்.

அதற்குள் திட்டு கட்டியாகிவிட்டது. மருந்தை மறுபடி தொடங்கியிருக்கிறார்கள், இனிமேல் கேட்குமா என்று சொல்ல முடியாதாம். வீடு மாறிப் போய்விட்ட தையல்கார அம்மாவை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். என் மனைவி தம்பியோடு ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். என்னோடு பேசுவதில்லை. அது எனக்கு வருத்தம்தான்.

ஆக, அத்தனை முதுகையும் துடைத்தவன் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கண்ணால் காண்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பார்கள். நர்ஸம்மா எடுத்த படமும் என் படமும் உங்கள் மேஜைமேல்தான் இருக்கின்றன. அவர் படத்தில் வெளிச்சம் சரியில்லை, ஒரு தோள் வெட்டுப்பட்டிருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஐயா. எதில் என் மச்சான் நன்றாக இருக்கிறான் என்று நீங்களே சொல்லுங்கள்.