வாலாட்டிய வண்டி

மலையில் வண்டி ஓட்டுகிறவர்கள் பனி உருகியதும் என் பட்டறைக்கு வருவார்கள், ஐயா. வண்டி என்ன செய்கிறது என்று ஒருவரும் சொல்வதில்லை. எதை மாற்ற வேண்டும் என்றுதான் சொல்வார்கள். அப்போது அந்த முகங்களில் இருக்கும் ஞானக்களையைப் பார்க்க வேண்டும்.

என் தங்கை ரலிட்சாவின் கணவன் ஒக்னியான் அதில் முதல் வரிசை. தொழில் பல் வைத்தியம். ரோடோப்பி மலைகளே தன் ஜீப்புக்காகப் போட்டவை என்பது அவன் எண்ணம். அவர்கள் ஜீப் சங்கத்தின் வசந்தகாலப் பயணத்துக்கு இரண்டு நாள் முன்பு, நான்கு நண்பர்களோடு வந்தான்.

"இறக்கத்துல பின்பக்கம் வாலாட்டுது, மச்சான். ஷாக் அப்சார்பர் போயிடுச்சு. நல்ல தடியா ரெண்டு மாட்டு."

"அடியில படுத்து ஒரு தடவை பாத்துடறேனே."

"நீ ஸ்பேனரைப் பிடி. யோசிக்கிற வேலையை எங்கிட்ட விடு."

"பல்லு புடுங்கறவன்கிட்ட வாய் குடுக்கலாமா, லுபென்?" என்று என்னைக் கேட்டான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள்.

அவர்கள் போனதும் படுத்துப் பார்த்தேன். ஷாக்கில் ஒரு சொட்டு எண்ணெய்க் கசிவு இல்லை. பின் ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடித்துக்கொள்ளும் நீளக் கம்பியை நெம்பி அசைத்தேன். அது சேசிஸோடு சேரும் தாங்கியில் ஒரு விரல் நீளத்துக்கு விரிசல், ஓரமெல்லாம் துரு. கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் ஆயிற்று. அது விட்டுப்போனால், அப்புறம் பின்சக்கரங்கள் இழுத்த பக்கம்தான் வண்டி போகும்.

வெல்டிங் வைத்துச் சரிசெய்ய ஒரு மணி நேரம் போதும். அவன் கேட்டதை மட்டும் செய்தேன். புது ஷாக்கோடு தார்ச்சாலையில் வண்டி நேர்கோடு போட்டதுபோல் ஓடியது.

"நான் சொன்னேன்ல?" என்றான்.

புறப்படுமுன் சங்கத்துக்காரர்கள் ஒருவர் வண்டியை ஒருவர் குனிந்து பார்ப்பார்கள். அதனால் விரிசல் மேல் கறுப்பு பெயின்ட் அடித்துவைத்தேன். அசிங்கமான வேலை எனக்குப் பிடிக்காது. நண்பர்கள் முன்னால் வண்டி சுழன்று ஏதாவது புதரில் போய் நிற்கும், அவன் வாய் அடங்கும் என்று நினைத்தேன். அவர்கள் போகும் இறக்கத்தில் புதர் கிடையாது என்பதும் எனக்குத் தெரியும்.

பயணத்தன்று காலையில் அவர்கள் வீட்டுக்கு வழியனுப்பப் போனேன். எங்கள் ஊர் வழக்கப்படி, வழி தண்ணீர் போல ஓடட்டும் என்று வாசலில் ஊற்ற, ரலிட்சா செப்புக் குடத்தோடு நின்றாள்.

"இந்தத் தடவை நானும் போறேண்ணா. இவரு வந்தே ஆகணுங்கறாரு. வண்டி இப்ப சரியாயிடுச்சுல்ல?"

ஒக்னியான் வண்டியின் ஜன்னல் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அந்தச் சிரிப்புக்கு முன்னால் என்ன சொல்ல முடியும்?

"நல்லா இருக்கு. ஏறு."

"அப்ப நீயே ஊத்துண்ணா" என்று குடத்தை என் கையில் கொடுத்துவிட்டு ஏறினாள். ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் ஊற்றினேன்.

எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. தாங்கி உடையும் என்று எனக்குத் தெரியும். நான்தான் மறைத்தேன். இருவரும் திரும்பி வரவில்லை. ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன். என்னை யாருமே கேட்கவில்லை.