பத்து ஐம்பத்தொன்றுக்கு நிறுத்திய கடிகாரம்

என் பெயர், தகப்பனார் பெயர், கதவு எண் ஆகியவை முதல் தாளில் தனியே எழுதப்பட்டு, நான் படித்துப் பார்த்துக் கையொப்பம் இட்டிருக்கிறேன். எனக்கு வயது 43. மேற்படி விலாசத்தில் என் கணவருடனும் கல்லூரியில் படிக்கும் மகளுடனும் வசித்து வருகிறேன். தொலைத்தொடர்பு நிறுவனம் ஒன்றின் கண்காணிப்பு மையத்தில் பதினாறு வருடமாக வேலை செய்கிறேன். என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை என்று சொன்னதால், நின்றபடியே வாக்குமூலம் கொடுக்க அதிகாரி அனுமதித்தார்.

என் வேலை சேவைத் தர ஒப்பந்தங்களைக் கவனிப்பது. எங்கள் இணைப்பை வாங்கும் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும், மாதத்தில் இத்தனை நிமிடத்துக்கு மேல் இணைப்பு கெடாது, ஆயிரம் அழைப்பில் இத்தனைக்கு மேல் தவறாது என்று நிறுவனம் எழுதிக் கொடுத்திருக்கும். கோளாறு வந்ததும் கணினியில் ஒரு கடிகாரம் தானாக ஓட ஆரம்பிக்கும். அதைப் பார்த்துக்கொண்டிருப்பவள் நான் என்பதால் அலுவலகத்தில் என்னைக் கடிகாரக்கா என்பார்கள். ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையின் இணைப்பும் என் பொறுப்பில்தான் இருந்தது. அவர்களுடைய ஒப்பந்தப்படி, கோளாறு பதினைந்து நிமிடத்தைத் தாண்டினால் எங்கள் கணினியிலிருந்து அவர்களுக்குத் தானாக எச்சரிக்கை போகும். உடனே அவர்கள் அழைப்புகளை வேறொரு நிறுவனத்தின் இணைப்புக்கு மாற்றிக்கொள்வார்கள். மூன்று மாதத்துக்குள் மூன்று முறை தரம் தவறினால் ஒப்பந்தத்தையே அவர்கள் ரத்து செய்யலாம். அந்த மூன்று மாதத்தில் ஏற்கனவே இரண்டு முறை தவறியிருந்தது.

சென்ற மாதம் ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை 10.38 மணிக்கு ஆம்புலன்ஸ் இணைப்பு சிவப்பாக மாறியது. வடிகால் வேலைக்குத் தோண்டிய இயந்திரம் எங்கள் கேபிளை அறுத்துவிட்டது என்று பிறகு தெரிந்தது. மாற்றுப் பாதை தானாக வேலை செய்ய ஆரம்பித்தது. ஆனால் அது குறுகலான பாதை. பத்து அழைப்பில் மூன்று போனால் அதிகம். களப்பணிக் குழுவுக்கு நான் தகவல் கொடுத்தேன். அதன் பிறகு எங்கள் பிரிவு மேலாளர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். அவர் என்னைவிட நான்கு வயது மூத்தவர், நல்ல மனிதர், என் மகளின் கல்லூரிச் சேர்க்கைக்கு அலைந்தவர். அவர் திரையைப் பார்த்துவிட்டு, "கடிகாரத்தை நிறுத்திடும்மா. திட்டமிட்ட பராமரிப்புன்னு போடு," என்றார். நான், "சார், நிறுத்தினா எச்சரிக்கையும் நின்னுடும்," என்றேன். அதற்கு அவர், "அரை மணி நேரத்துல ஒட்டிடுவாங்க. இது மூணாவதா விழுந்தா நம்ம செக்‌ஷனையே மூடிடுவாங்க. முப்பத்துநாலு பேரும்மா," என்றார்.

வாடிக்கையாளரிடம் மூன்று நாள் முன்பே சொல்லி ஒப்புதல் வாங்கிய வேலையை மட்டுமே திட்டமிட்ட பராமரிப்பு என்று குறிக்கலாம். அன்று அப்படி எந்த ஒப்புதலும் இல்லை. அது எனக்குத் தெரியும். 10.51 மணிக்கு, எச்சரிக்கை போக இரண்டு நிமிடம் இருக்கும்போது, என் அடையாள எண்ணைப் போட்டு நானே கடிகாரத்தை நிறுத்தினேன். என்னை யாரும் மிரட்டவில்லை. கட்டுப்பாட்டு அறைக்குப் போனிலாவது சொல்லிவிடலாம் என்று கையில் எடுத்தேன். சொன்னால் கோளாறு என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று கீழே வைத்துவிட்டேன்.

அதன் பிறகு பதினொரு மணிக்கு மாதாந்திர ஆய்வுக் கூட்டத்துக்கு மேலாளருடன் நானும் போனேன். மூன்றாவது மாடியில் கதவைச் சாத்திய அறை. அந்த மாதத்துச் சேவைத் தரத்தைப் பற்றி நான்தான் பேசினேன். பேசும்போது கால் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்ததால் எதிரில் இருந்தவர் மேசையைக் கையால் பிடித்துக்கொண்டார். 11.25-க்குத் தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லி வெளியே வந்து, படியில் இறங்கி ஓடிப் பார்த்தேன். இணைப்பு அப்போதும் சிவப்பாகவே இருந்தது. உடனே கட்டுப்பாட்டு அறைக்குப் போன் செய்தேன். அங்கே எடுத்த மேற்பார்வையாளர் அம்மா, "அப்படியா? இன்னைக்கு என்னடா கூட்டமே இல்லையேன்னு நாங்க நினைச்சுக்கிட்டு இருந்தோம்," என்றார். அவர்கள் நான்கே நிமிடத்தில் இணைப்பை மாற்றிவிட்டார்கள். அப்போது மணி 11.31.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினேன். என் கணவர், "என்ன, காலுல சக்கரம் கட்டின மாதிரி சுத்துறே?" என்று கேட்டதற்கு வேலை அதிகம் என்று சொன்னேன். அதற்கப்புறம் எட்டு நாளும், எந்த ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டாலும் எழுந்து ஜன்னலுக்குப் போய், அது கண்ணை விட்டு மறையும்வரை நின்றுவிட்டுத்தான் வருவேன்.

பதினேழாம் தேதி இந்தக் காவல் நிலையத்திலிருந்து எங்கள் நிறுவனத்துக்கு ஒரு கடிதம் வந்தது. மரப்பட்டறை வைத்திருந்த தச்சர் ஒருவர் ஒன்பதாம் தேதி காலை 11 மணி அளவில் மின்ரம்பம் தொடையில் பாய்ந்து, சரக்கு வண்டியில் மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியில் இறந்துவிட்டார் என்றும், அவர் மனைவி ஆம்புலன்ஸைக் கூப்பிடவே இல்லை என்று இறந்தவரின் தம்பி புகார் கொடுத்திருப்பதாகவும், தச்சரின் கைப்பேசி வண்டியிலிருந்து விழுந்து நசுங்கிவிட்டதால் அந்த எண்ணிலிருந்து அழைப்பு போனதா என்று தெரிவிக்கும்படியும் அதில் கேட்டிருந்தது. கட்டுப்பாட்டு அறை, தங்களுக்கு அப்படி எந்த அழைப்பும் வரவில்லை என்று ஏற்கனவே பதில் கொடுத்திருந்தது. பதில் தயாரிக்கச் சொல்லி மேலாளர் அந்தக் கடிதத்தை என்னிடமே கொடுத்தார். "திட்டமிட்ட பராமரிப்பு நடந்தது, சேவை ஒப்பந்த வரம்புக்குள்தான் இருந்தது. ரெண்டு வரி போதும்," என்றார்.

நான் இரண்டு வரி எழுதுவதற்கு முன்னால், இணைப்பு கிடைக்காமல் திரும்பிய அழைப்புகளின் பட்டியலைத் திறந்து பார்த்தேன். அன்று மொத்தம் அறுபத்துநான்கு அழைப்பு திரும்பியிருந்தது. அதில் தச்சரின் எண் 11.04 முதல் 11.23 வரை பதினொரு முறை இருந்தது. முதல் ஐந்தும் ஒன்றுக்கொன்று சில நொடிகள்தான் இடைவெளி. பிறகு இரண்டு நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு மறுபடி ஆறு. அந்தப் பக்கத்தை அச்செடுத்து மேலாளரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு, "செத்தவர் திரும்பி வரப்போறாரா? நீ என்னை மட்டும் மாட்டிவிடலே, உன்னையும் சேர்த்துத்தான் மாட்டிவிடுறே," என்றார். "ஆமா சார்," என்றேன்.

மறுநாள் விடுப்பு எடுத்து, கடிதத்தில் இருந்த விலாசத்துக்குப் போனேன். பட்டறை பூட்டியிருந்தது. பின்பக்கம் ஒற்றை அறை வீடு. மரத்தூள் வாசல்வரை கிடந்தது, யாரும் கூட்டவில்லை. தச்சரின் மனைவிக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். பாதி இழைத்த கட்டில் கால் ஒன்றை நகர்த்திவிட்டு என்னை உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. இந்த நிறுவனத்திலிருந்து வருகிறேன் என்று சொன்னதுமே அவர் நான் கேட்காமலே பேச ஆரம்பித்தார். "கை முழுக்க ரத்தம்க்கா. போன் வழுக்குது. ஒருவேளை நம்பரைத் தப்பா அழுத்திட்டேனோ? மூணே மூணு நம்பர்தானே, அதைக்கூட ஒழுங்கா அழுத்தத் தெரியலையான்னு என் கொழுந்தனார் கேக்குறார். எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு. ராத்திரி பகல்னு பாக்காம விரலால அழுத்தி அழுத்திப் பாக்குறேன்," என்று சொல்லி, சுவரில் அந்த மூன்று எண்ணையும் விரலால் அழுத்திக் காட்டினார்.

நான் அச்செடுத்த தாளை அவரிடம் கொடுத்து, பதினொரு வரியையும் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினேன். அதன் பிறகு கடிகாரத்தை நிறுத்தியது நான் என்று சொன்னேன். அவர் அழவுமில்லை, ஏசவுமில்லை. "எங்களுக்கு அப்ப வண்டி வந்திருக்குமா?" என்று கேட்டார். 10.53-க்கு எச்சரிக்கை போயிருந்தால் 10.57-க்கெல்லாம் இணைப்பு மாறியிருக்கும், அவருடைய முதல் அழைப்பே கிடைத்திருக்கும், வண்டி நிலையம் அங்கிருந்து ஆறு நிமிட தூரம் என்று எனக்குத் தெரிந்ததை மறைக்காமல் சொன்னேன். அவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "வாயால சொன்னா இங்க ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. எழுதிக் குடுங்க. குடுத்துட்டு இனிமே இந்தப் பக்கம் வராதீங்க," என்றார்.

இதை என் கணவரிடம் சொன்னபோது அவர், "உன்னை உள்ள வச்சுடுவாங்களே," என்றார். அதன் பிறகு அவரே என்னை இன்று இங்கே கூட்டி வந்தார். வெளியே மரத்தடியில் நிற்கிறார்.

கடிகாரத்தை நிறுத்திய பதிவையும், திரும்பிய அழைப்புகளின் பட்டியலையும், நான் பதில் எழுதாமல் விட்ட கடிதத்தையும் இத்துடன் ஒப்படைத்திருக்கிறேன். எனக்கு வரும் தண்டனை பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. இந்த வாக்குமூலத்தின் நகல் எனக்கு வேண்டாம். அதைத் தச்சரின் மனைவியிடம், அவருடைய கொழுந்தனாரும் உடன் இருக்கும்போது கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அந்த அம்மா பதினொரு முறையும் சரியான எண்ணைத்தான் அழுத்தினார்.

மேலே கண்டவை யாருடைய தூண்டுதலும் இல்லாமல் நானாகச் சொன்னவை. எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது, நானும் ஒருமுறை படித்துப் பார்த்தேன். அனைத்தும் உண்மை.

(ஒப்பம்)