பூசாத சுவர்

குன்றாண்டார்கோவில் பஸ்ஸில் தூங்கிவிடலாம் என்று கண்ணை மூடியிருந்தேன். முன் சீட்டருகே ஒரு குரல் கேட்டது.

"பூசாத செவுத்துக்கு எதுக்குத் தங்கச்சி தெனமும் தண்ணி ஊத்துற?"

தூக்கம் போய்விட்டது. கேட்டவர் கம்பியைப் பிடித்து நின்ற கொத்தனார். சீட்டில் பெயிண்ட் வாளியை மடியில் வைத்திருந்தவர், அவர் வேலை செய்யும் பழைய வீட்டின் சொந்தக்காரப் பெண்.

"சும்மாதாண்ணே."

"பழைய பூச்ச உதுத்துட்டு எல்லாச் செவுத்தையும் புதுசாப் பூசியாச்சு. கூடத்துல ஒரு செவுத்த மட்டும் விடச் சொல்லிட்ட. எங்க வேலையில எதுவும் கொறையா?"

"ஐயோ, அதெல்லாம் இல்லண்ணே. அத நானே பூசிக்கிறேன்னு எங்க வீட்டுக்காரவுக சொல்லிட்டாக. சிங்கப்பூர்ல அவுகளுக்கும் கொத்து வேலைதான். ஊரான் வீட்டையெல்லாம் பூசுறேன், நம்ம வீட்டுல ஒரு செவுராச்சும் எங்கையால பூசணும்ங்கிறாக."

"நல்லதுதான். எப்ப வாராரு?"

"லீவு கெடச்சா வாரேங்கிறாக. ரெண்டு தடவ தள்ளிப் போச்சு."

"பூசுறதுக்கு முன்னாடி நனைச்சாப் போதுமேத்தா."

"பெட்டிய எறக்கி வச்ச கையோட பூச்சுக் கரண்டியத் தூக்கிருவாகண்ணே. அன்னைக்குப் பாத்துச் செவுரு காஞ்சு கெடந்தா பூச்சுப் புடிக்காதுல்ல?"



"நாளைக்குச் சாரத்தப் பிரிக்கிறோம். அந்தச் செவுத்துச் சாரம் மட்டும் நிக்கட்டும்."

"அடுத்த வீட்டு வேலைக்கு வேணும்னீகளே?"

"அங்க ஏணி போட்டுப் பூசிக்கிறோம்."