பின்பெட்டிக்கு ஒரு நல்ல பூட்டு

காரின் பின்பெட்டிப் பூட்டை மாற்றுவது பெரிய வேலை அல்ல, இன்ஸ்பெக்டர் ஐயா. நல்ல எஃகும் கூரான அரமும் அரை நாள் பொறுமையும் போதும். இந்தப் பெல் ஒம்ப்ர் ஊரில் பதினோரு வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். என் வேலையில் குறை என்று எந்த வண்டியும் திரும்பி வந்ததில்லை.

லுசியான் என் மனைவியின் அண்ணன். கரும்புத் தோட்டத்துக்கு ஆள் பிடித்துத் தரும் காண்ட்ராக்டர். அவர்கள் மாதா கோயிலுக்குப் போகிற வீடு. கொலெட் என்னை முருகன் கோயிலில் கல்யாணம் செய்துகொண்டதிலிருந்து அவர் அவளோடு பேசவில்லை. ஐயர் அவளுக்குப் பாக்கியம் என்று பெயர் வைத்தார். நான் கடைசிவரை கொலெட் என்றுதான் கூப்பிட்டேன்.

போன ஜூனில் அவளுக்குப் பிரசவ வலி கண்டது. ரத்தம் நிற்கவில்லை. பக்கத்தில் கார் வைத்திருந்தவர் லுசியான் ஒருவர்தான். போய்க் கேட்டேன். வண்டிக்குள் எட்டி சீட்டைப் பார்த்தார்.

"சீட்டுக்குப் புதுத் தோல் போட்டிருக்கேன், மச்சான். கறை போகாது. வேணும்னா பின்பெட்டியில படுக்க வச்சுட்டுப் போ."

வாதாட நேரமில்லை. சாக்கு விரித்து, மூடியைக் கயிற்றால் தூக்கிக் கட்டி, சுய்யாக் மருத்துவமனைக்கு ஓட்டினேன். பின்னாலிருந்து குரல் வந்தது. "மெதுவா ஓட்டுங்க. நான் சர்க்கரை மூட்டை இல்ல." வழியில் சுரினாம் கிராமத்தில் நிறுத்திப் பார்த்தபோது அவள் பேசவில்லை. பிள்ளையும் அவளோடு போயிற்று.

நான் அவரைத் திட்டவில்லை. திட்டுவது என் வழக்கமல்ல.

ஆகஸ்டில் தோட்டத்து ஆட்களின் வேலைநிறுத்தம் வந்தது. யாரோ அவருடைய பின்பெட்டியை நெம்பித் திறந்து கரும்புப்பாகைக் கொட்டியிருந்தார்கள். என்னிடம் வந்தார். கடப்பாரைக்கும் அசையாத பூட்டு வேண்டும், மூடினாலே பூட்டிக்கொள்ள வேண்டும், சாவி ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும் என்றார். செய்தேன். கரும்புத் தூசி நுழையாமலிருக்க மூடியைச் சுற்றி ரப்பர் பட்டையும் ஒட்டினேன். அதை அவர் கேட்கவில்லை.

அடுத்த வாரம் அவர்கள் சாலையை மறிக்கத் தொடங்கியதும், பின்பெட்டிக்குள் படுத்துக்கொண்டு, என்னை ஓட்டச் சொல்லி, சுய்யாக்குக்குத் தப்பிப் போய்விடலாம் என்ற யோசனை அவருக்கே வந்தது. உள்ளிருந்து திறக்க ஒரு கொக்கி கேட்டார். பொருத்தினேன். படுத்து, மூடச் சொல்லி, இழுத்துப் பார்த்தார். திறந்தது. சிரித்துக்கொண்டே வீட்டுக்குள் போய், மனைவி பியெரெட்டிடம் சொல்லிவிட்டு வந்தார். அதற்குள் நான் கொக்கியிலிருந்து ஓர் ஆணியைக் கழற்றிவிட்டேன். சிறிய ஆணிதான்.

சாவியை என்னிடம் தருகிறாரா என்று கேட்டேன். உண்மையாகவே கேட்டேன்.

"நீ தங்கச்சி புருஷன்தான். இருந்தாலும் சாவி என் பையிலேயே இருக்கட்டும்" என்றார்.

சுரினாம் முனையில் நாற்பது பேர் மறித்தார்கள். அவர்களில் க்ளெமான் எனக்குத் தெரிந்தவன். லுசியான் எங்கே ஒளிந்திருக்கிறான், அவன் வண்டியை நீ ஏன் ஓட்டுகிறாய் என்று கேட்டான். பிரேக் சரிபார்க்கிறேன் என்றேன். "நல்லா பார். அவன் ஓட்டும்போது பிடிக்கக் கூடாது" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அவர்கள் கையில் கடப்பாரைகள் இருந்தன. நாற்பது பேர் சேர்ந்தால் எந்தப் பூட்டும் தாங்காது, அது எனக்குத் தெரியும். லுசியான் ஒரு குரல் கொடுத்திருந்தால் திறந்திருப்பார்கள். நாலு அடி வாங்கியிருப்பார், உயிர் இருந்திருக்கும். அவர் மூச்சுக்கூட விடவில்லை. அவர்கள் தன்னைக் கொன்றுவிடுவார்கள் என்று நம்பினார். என்னை நம்பினார்.

முனை தாண்டிய பிறகுதான் கொக்கியை இழுத்திருக்க வேண்டும். தட்ட ஆரம்பித்தார். முதலில் மச்சான் என்று கூப்பிட்டார். பிறகு என் பெயரைச் சொன்னார். அந்தப் பெயர் அவருக்குத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

பழிவாங்கினேன் என்று எழுதிக்கொள்ளாதீர்கள், ஐயா. நான் அவரைப் போன்றவன் அல்ல. அவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். சுய்யாக்குக்கும் பெல் ஒம்ப்ருக்கும் இடையில் வேறு பாதையில் இரண்டு முறை போய்த் திரும்பி, தட்டும் சத்தம் நின்ற பிறகு.