கீசர் மாட்ட வந்தவர்

ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்ட் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஒரே ஆபீஸில் வேலை பார்ப்பவர்கள் போலிருந்தது. பஸ் காவிரிப் பாலத்தில் ஏறும்போது ஜன்னலோரம் இருந்தவர் சொன்னார்:

"பாத்ரூம்ல வெந்நீர் வந்துடுச்சு மாலா. குளிக்க வேண்டியவதான் இல்ல."

மாலா அவர் பக்கம் திரும்பினார். "உங்க அக்காவுக்காகப் போட்ட கீசர்தானே?"

"ஆமா. கீமோவுக்கு அப்புறம் அவளால பச்சைத்தண்ணியைத் தொடவே முடியல. குழாய் வேலையை முடிச்ச பிளம்பர், ஒயரிங்கையும் நானே பண்ணிடறேன்னார். அக்காதான் விடல. கரண்ட் வேலைக்கு லைசென்ஸ் இருக்கறவர்தான் வரணும், பசங்க புழங்கற இடம்னுட்டா."

"அவங்க சொன்னது சரிதானே."

"சரிதான். பொன்மலைல ஒருத்தர் கிடைச்சார். வந்து பார்த்துட்டு, கையில இருக்கற வேலையை முடிச்சிட்டு வரேன்னார். அதுவரைக்கும் நான் அடுப்புல தண்ணி காய வெச்சு ஊத்தினேன். அவர் வர்றதுக்குள்ள அக்கா போயிட்டா."

"அப்புறம் எப்ப வந்தார்?"

"நேத்து. அவருக்கு விஷயம் தெரியாது. புது ஒயர் இழுத்து, எர்த் எல்லாம் செக் பண்ணி, நல்லாத்தான் செஞ்சார். கடைசில குழாயைத் திறந்துவிட்டு, 'அக்காவைக் கூப்பிடுங்க, சூடு போதுமான்னு கையை வெச்சுப் பார்க்கட்டும்'னார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"தூங்கறா, எழுப்ப வேணாம்னேன்."