மேலே யாரும் தண்ணீர் விட வேண்டாம்

இல்லை. இப்போது யாரும் மாடிக்குப் போக முடியாது. அவசரம் என்றாலும் முடியாது. ஏன் என்று சொல்லத்தான் இந்த மேடை, இந்த ஒலிபெருக்கி, இந்த நான்.

கூட்டத்தின் தலைவராக வீற்றிருக்கும் என் தந்தையார் அவர்களே. மூன்றாம் மாடியை விட்டு இறங்கிவந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் சித்தப்பா அவர்களே, சித்தி அவர்களே. இரண்டாம் மாடித் தாய்மார்களே. எதிர்வீட்டு மதிலுக்கு மேல் தலை மட்டும் தெரியும் பெரியோர்களே. எல்லோருக்கும் மேலாக, அதோ, எங்கள் முதல் மாடி வீட்டின் வெளிச்சுவரில், சாரப் பலகையில், அறுபட்ட குழாய்க்குக் கீழே தலையைக் கொடுத்து உட்கார்ந்திருக்கும் எங்கள் குழாய்க்காரர் அவர்களே. அனைவருக்கும் என் வணக்கம்.

அவர் தலையைப் பாருங்கள். தலைக்கு மேலே பாருங்கள். அந்தக் கறுத்த வாய் தெரிகிறதா? அதுதான் இந்தக் கட்டடத்தின் கழிவுக் குழாய். மேலே இருக்கும் இரண்டு மாடிகளின் அந்தரங்கமும் அதன் வழியாகத்தான் இறங்கும். யாராவது ஒருவர் மேலே போய், ஏதோ ஒரு நினைப்பில், பழக்கத்தில், கழிப்பறையில் ஒரே ஒரு பொத்தானை அழுத்தினால் என்ன ஆகும்? நான் சொல்ல வேண்டுமா?

சிரிக்கிறீர்கள். அவர் சிரிக்கவில்லை.

"எல்லாரும் வாக்குக் குடுப்பீங்க, அப்புறம் மறந்துடுவீங்க," என்றார் காலையில். "ஏற்கெனவே ஒரு தடவை ஒருத்தர் மறதிக்குக் கீழ நான் நின்னிருக்கேன். வாக்கு வேணாம்மா. ஆளைக் கீழ கொண்டாந்து உட்கார வைங்க."

ஆளை உட்கார வைக்க எங்கள் குடும்பத்துக்குத் தெரிந்த ஒரே வழி, கூட்டம்.

அன்பர்களே, என் தாய் மூட்டு அறுவை முடிந்து மருத்துவமனையில் படுத்திருக்கிறார். இன்று மாலை வீடு திரும்புகிறார். குந்தவே கூடாது என்றார் மருத்துவர். எங்கள் வீட்டில் இருந்ததோ குந்தும் கழிப்பறை. அதுவும் ஒன்றே ஒன்று. ஆகவே இடித்தோம். ஆகவே உட்காரும் கோப்பை வாங்கினோம். அதை எங்கே வைப்பது? மற்ற வீடுகளில் கொத்தனாரைக் கேட்பார்கள். எங்கள் வீடு குடியிருப்போர் சங்கத் தலைவர் வீடு. கூட்டம் போட்டோம்.

"ஜன்னலுக்கு அடியில வைக்கலாம்," என்றார் தலைவர். "அவளுக்குக் காத்து வரும்."

"வழிமொழியிறேன் அண்ணா," என்றார் சித்தப்பா.

"கதவைத் திறந்தா நேரா தெரியாது. அதுவும் நல்லதுதான்," என்றார் சித்தி.

நான் வெளிச்சம் எந்தப் பக்கம் விழுகிறது என்று ஒரு திருத்தம் கொண்டுவந்தேன். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

டைல்ஸ் போட்டோம். பழைய ஓட்டையை அழகாக மூடினோம். புதுக் கோப்பையைச் சிமெண்டில் நிறுத்தினோம். வெள்ளை. அசைக்க முடியாதது. தலைவர் உட்கார்ந்து பார்த்தார். காற்று வந்தது.

பிறகு குழாய்க்காரர் வந்தார். கோப்பையை ஒரு சுற்றுச் சுற்றினார். குனிந்து பின்னால் பார்த்தார்.

"நல்லாருக்கு. இது எங்க போகுது?"

தலைவர் ஜன்னலைக் காட்டினார்.

"இல்ல சார், இங்கேர்ந்து எங்க போகுது?"

காற்றைக் கேட்டோம். வெளிச்சத்தைக் கேட்டோம். கதவைக் கேட்டோம். குழாயைக் கேட்டோமா? ஒரு வார்த்தை கேட்டோமா?

என்ன சித்தப்பா? கோப்பையை நகர்த்தியிருக்கலாமே என்கிறீர்களா? நீங்கள் வழிமொழிந்த தீர்மானம் அது. பெயர்த்தால் கோப்பை உடையும் என்றார் குழாய்க்காரர். நிறைவேறிய தீர்மானத்தை மாற்றும் வழக்கம் இல்லை என்றார் தலைவர். "குழாயை நகர்த்துங்க." ஆகவே, ஜன்னலுக்கு நேராக வெளிக் குழாயை அறுத்து, நடுவில் கிளை வைத்த ஒரு துண்டைச் சேர்த்து, சுவரைத் துளைத்து, கோப்பையின் பின்வாயை அந்தக் கிளையில் பொருத்துகிறார். பொருத்திவிட்டார். பசை தடவி, மேலும் கீழும் சேர்த்துப் பிடித்திருக்கிறார். காய வேண்டும். அதுவரை நான் பேச வேண்டும்.

உட்காருங்கள், இரண்டாம் மாடி அத்தை. உங்கள் கஷ்டம் புரிகிறது. எனக்கும் அதே கஷ்டம்தான்.

ஒரு நிமிடம்.

தலைவர் நாற்காலியில் மூக்குக்கண்ணாடி மட்டும் இருக்கிறது.

சித்தப்பா, உங்கள் வீட்டுச் சாவி எங்கே? "அண்ணன் கேட்டாரு, குடுத்தேன்" என்றா சொல்கிறீர்கள்?

மூன்றாம் மாடியைப் பாருங்கள். அந்தச் சின்ன ஜன்னலில் விளக்கு எரிகிறது.

குழாய்க்காரரே, நகர்ந்துவிடுங்கள். முடியாதா? கையை எடுத்தால் இணைப்பு விட்டுவிடுமா?

தலைவர் அவர்களே. ஒலிபெருக்கியை உங்கள் ஜன்னல் பக்கம் திருப்பிவிட்டேன். எத்தனை மேடை கண்டவர் நீங்கள். எத்தனை முறை மணி அடித்தும் பேச்சை நிறுத்தாதவர். இன்று ஒன்றை மட்டும் நிறுத்துங்கள். உங்கள் வலது கையை நிறுத்துங்கள். பழக்கம் பெரிதுதான். ஆனால் உங்கள் பழக்கத்துக்கு நேர் கீழே ஒரு மனிதர் இருக்கிறார். நீங்கள் அழுத்தினால் அவர் கை விடுவார். அவர் கை விட்டால் இணைப்பு விடும். இணைப்பு விட்டால், மாலையில் கம்பு ஊன்றி வீட்டுக்குள் வரும் அம்மா எங்கே போவார்? காற்று வர வேண்டும் என்று பார்த்துப் பார்த்து இடம் தேர்ந்தீர்களே, அந்த அம்மா எங்கே போவார்?

அப்பா. கையை எடுங்கப்பா.

(மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து: "அழுத்தலைம்மா. கூட்டம் முடியட்டும்னுதான் உட்கார்ந்திருக்கேன்.")

கேட்டீர்களா? கை தட்டுங்கள். இன்னும் தட்டுங்கள். குழாய்க்காரர் தட்டவில்லை என்று வருந்த வேண்டாம், அவருக்குக் கை ஒழியவில்லை.

இப்போது ஒரு கையை எடுக்கிறார். பார்த்துக்கொண்டே இருங்கள். மறு கையையும் எடுக்கிறார். குழாய் நிற்கிறது.

"மேலேர்ந்து விடச் சொல்லுங்க," என்கிறார். "நான் இங்கயேதான் இருப்பேன். நான் ஒட்டுனது."

அவையோரே, அமைதி. தலைவர் அவர்கள் தமது முடிவுரையை வழங்குவார்கள்.

கேளுங்கள். மூன்றாம் மாடி. இரண்டாம் மாடி. இதோ அவர் தலைக்கு நேரே. இதோ தாண்டிவிட்டது. இதோ நம் காலடியில், மண்ணுக்குள்.

இணைப்பைச் சுற்றித் தடவிப் பார்க்கிறார். உள்ளங்கையை விரித்து நமக்குக் காட்டுகிறார். உலர்ந்த கை.

வந்தவர்களுக்கு நன்றி. அடக்கி இருந்தவர்களுக்குத் தனி நன்றி. இனி மாடி உங்களுடையது. அத்தைக்கு முதலில் வழி விடுங்கள். வணக்கம்.

ஒலிபெருக்கியை அணைத்தேன். முதல் மாடிக்கு ஏறிப் போய், புதுக் கோப்பையில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினேன். போனது. அம்மாவை அழைத்துவரக் கிளம்பினேன்.