பதினெட்டு பேட்டன்ட்

உலு திராமிலிருந்து வந்த பேருந்து பெர்மாஸ் ஜெயா அருகே நெரிசலில் நின்றுவிட்டது. எனக்கு முன் இருக்கையில் ஒரே தொழிற்சாலைச் சீருடையில் இரண்டு பெண்கள். இளையவள் போனை நீட்டினாள்.

“அக்கா, இந்த நடிகரு பதினெட்டு மெஷின் கண்டுபிடிச்சிருக்காராம். மழைத் தண்ணியில போன் சார்ஜ் ஆகுமாம். எல்லாத்துக்கும் பேட்டன்ட் வாங்கிட்டாராம்!”

“வாங்கியிருந்தா பேட்டன்ட் ஆபீஸ் வெப்சைட்ல பேரு இருக்கும். இரு, பாப்போம்.”

மூத்தவள் தன் போனில் நடிகரின் முழுப் பெயரையும் தட்டிப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை.

“வெப்சைட் கெட்டுப் போயிருக்கும்க்கா. இத்தனை பேரு அனுப்புறாங்க, பொய்யா இருக்குமா?”

“டெஸ்ட் மெஷின் மேல சந்தேகம் வந்தா நாம என்ன பண்ணுவோம்? நல்ல பீஸ்னு தெரிஞ்ச ஒண்ண வச்சுப் பாப்போம்ல? அதே மாதிரி, கண்டிப்பா இருக்குற ஒரு பேரப் போடுறேன்.”

இம்முறை ஒரு பக்கம் திறந்தது. எனக்கும் கழுத்து நீண்டது. இளையவள் விரல் வைத்து வாசித்தாள். அக்காவின் கழுத்தில் தொங்கிய பெயர் அட்டையைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள்.

“அலமாக்! அக்கா, இது நீங்க!”

“மூணாவது பேருதான் லா. சர்க்யூட் போர்டு எல்லாம் டிரேயில ஒட்டிக்கிட்டே இருந்துச்சு, நான் ஒரு வழி சொன்னேன். இன்ஜினியர் என் பேரையும் சேத்துட்டாரு.”

“தினமும் பக்கத்துல உக்காந்து வரேன். ஒரு வார்த்தை சொல்லலயே!”

இளையவள் போனைத் திருப்பிப் பிடித்தாள். பிறகு, சின்னக் குரலில்:

“உங்ககூட ஒரு செல்ஃபி எடுத்துக்கவா?”

எடுத்தாள்.

“இத குரூப்ல போட்டா ஒருத்தரும் நம்ப மாட்டாங்கக்கா.”

“நம்பலன்னா தேடிப் பாக்கச் சொல்லு.”